மகாராணியின் சுற்றளவு

"பன்னிய வளக்கிறது விக்கிறதுக்கும் வெட்டுறதுக்கும்தான். பாசம் வைக்கிறதுக்கு இல்ல!"

இப்படிச் சொன்னது வேறு யாருமில்லை, நம்ம பார்சல்காரர்தான். கொல்லையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மனைவியும் கறிக்கடைக்காரரும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு அம்மாவும் கேட்க, தொடையில் தட்டித் தட்டிச் சொன்னார். முதல் தடவை வளர்த்த பன்றிகளை வண்டியில் ஏற்றியபோது அவர் மனைவி தையல்காரம்மா கண்ணைக் கசக்கிவிட்டாராம். அதற்குத்தான் அந்தப் பிரசங்கம்.

"இனிமே இந்த வீட்டுல பன்னிக்காக யாரும் அழக் கூடாது. இது என் உத்தரவு" என்று முடித்தார்.

நல்லவேளை, உத்தரவை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் மனுஷன் பிற்பாடு அந்தக் காகிதத்தைத் தின்றே இருப்பார்.

அடுத்த தடவை கறிக்கடைக்காரரிடம் நாலு குட்டி வாங்கினார்கள். ஐந்தாவதாக ஒரு நோஞ்சான் குட்டியைக் கொசுறாகக் கொடுத்தார் அவர். "தேறாது மாப்ள. தேறினா உங்க அதிர்ஷ்டம்." தையல்காரம்மாவை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவதால் பார்சல்காரர் அவருக்கு மாப்பிள்ளை.

அந்த நோஞ்சானைப் பார்சல்காரர் தன் பார்சல் ஆபீஸிலிருந்து கொண்டுவந்த அட்டைப்பெட்டியில் தன் பழைய பனியனை விரித்துப் படுக்க வைத்தார். அடுப்பங்கரை மூலையில் வைத்து ரெண்டு மணிக்கொரு தரம் புட்டிப்பால் கொடுத்தார். லீவு வேறு போட்டார். காரணம் கேட்ட மேனேஜரிடம், "வீட்ல சின்னக் குழந்தைக்கு உடம்பு சரியில்ல சார்" என்றார். மேனேஜர் அவருக்குக் குழந்தை பிறந்திருப்பதாக நினைத்து இனிப்பு கேட்டார்.

குட்டி தேறியது. மகாராணி என்று பெயரும் வந்தது. மற்ற நாலும் வளர்ந்து, விலை பேசி, வண்டியேறிப் போய்விட்டன. மகாராணி மட்டும் கொட்டிலில் கால் நீட்டிப் படுத்துக்கொண்டு, அவர் செருப்புச் சத்தம் கேட்டால் மூக்கைத் தூக்கும்.

மூன்று நாள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார் பார்சல்காரர். வந்த வாரமே டாக்டர் அவருடைய தொப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, தினமும் நாலு கிலோமீட்டர் நடக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார். மூன்று வருஷமாக எழுதுகிற அதே சீட்டு.

"எட்டு மணி நேரம் எடை மெஷின் முன்னாடி உக்காந்து உழைக்கிறவன் நான். என்னைப் போய் நடன்னா? என் கால என்ன வாடகைக்கா விட்டிருக்கேன்?" என்று சீட்டைத் தையல் மெஷின் மேல் வீசினார்.

தையல்காரம்மா சீட்டை மடித்து மெஷின் டிராயரில் போட்டார். அன்று சாயங்காலம் இஞ்ச் டேப்போடு கொட்டிலுக்குள் போனார்.

பன்றியைத் தராசில் ஏற்றுவது யாரால் முடியும்? முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி டேப் பிடித்தால் போதும், எடை இவ்வளவென்று தெரிந்துவிடும்.

"என்னங்க, மகாராணி நாப்பத்திரண்டு இஞ்ச் இருக்கா. நாப்பத்தஞ்சு ஆனதும் கறிக்கடை அண்ணனுக்குப் போன் பண்ணிடறேன்."

பார்சல்காரருக்கு வாயில் இருந்த காபி இறங்கவில்லை.

"எதுக்கு?"

"இது என்ன கேள்வி? வளக்கிறது எதுக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா... சொன்னேன்."

"ஏங்க, கண்ணு கலங்குது?"

"காபி சூடு!"

அன்று ராத்திரி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்தார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்கிற மாதிரி போட்ட உத்தரவாயிற்றே! மானமா மகாராணியா என்று புரண்டு புரண்டு யோசித்தார். விடிவதற்குள் யோசனை வந்துவிட்டது. நாற்பத்தைந்து ஆனால்தானே போன்? ஆகவே விடக் கூடாது! இளைக்க வைத்துவிடுவோம்!

காலை ஐந்தரைக்குக் கயிறும் கையுமாகக் கொட்டில் வாசலில் நின்றார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கொஞ்சம் நடத்திக் கூட்டிட்டு வரேன். நடந்தாதான் கறி நல்லா மெத்துன்னு வரும். உனக்கு அதெல்லாம் தெரியாது."

"அப்படியா? நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் தையல்காரம்மா, நூல் கோத்தபடி.

கால்வாய்க்கரை வரை போக ரெண்டு கிலோமீட்டர், வர ரெண்டு. முதல் நாள் பார்சல்காரர் நாலு இடத்தில் உட்கார்ந்தார், மகாராணி காத்திருந்தது. ஒரு மாதத்தில் மகாராணி உட்கார்ந்தது, அவர் காத்திருந்தார். தெருவில் ஒருத்தர், "யாரை யார் கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்டதையெல்லாம் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. உயிர்ப் பிரச்சினை!

தீனியிலும் கை வைத்தார். காலையில் ஒரு வாளித் தவிட்டை அரை வாளி ஆக்கினார். ஆனால் மகாராணி நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கும். அந்தப் பார்வை தாங்காமல் தன் சாயங்கால பிஸ்கட்டைக் கொடுப்பார். பிறகு தன் வடை. பிறகு ராத்திரிச் சாப்பாட்டில் ரெண்டாவது தட்டு.

ஞாயிறுதோறும் தையல்காரம்மா டேப்போடு கொட்டிலுக்குப் போவார். "ம்ஹூம், இன்னும் இல்ல" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, மெஷினில் உட்கார்ந்து அளவு நோட்டில் ஏதோ குறிப்பார். அவர் குளிக்கப் போனதும் பார்சல்காரர் நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டுவார். கடைசிப் பக்கத்தில் வெறும் நம்பர்கள்: 42. நாற்பத்தொன்றரை. அப்புறம் 41. பிறகு 40.

"அடி என் தங்கமே, இளைக்கிறேடி!" என்று கொட்டிலுக்கு ஓடி அதன் காதைத் தடவுவார்.

மகாராணியின் வயிறு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. வாயு என்று முடிவு கட்டினார். பார்சலைப் பார்த்தவுடனே எடை சொல்கிற கண் அவருடையது. பாசம் வந்து மறைத்துவிட்டால் எந்தக் கண்ணுக்குத்தான் என்ன தெரியும்?

இடையில் ஒரு நாள் ஆபீஸ் படியில் அவர் பேன்ட் நழுவியது. மனைவியிடம் புகார் சொன்னார்.

"துவைச்சு துவைச்சு துணி தளர்ந்துடுச்சுங்க. கொடுங்க, பிடிச்சுத் தரேன்" என்றார் அவர்.

மூன்றரை மாதம் போனது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் கொல்லைக் கதவு தட்டப்பட்டது. கறிக்கடைக்காரர் நின்றார், தோளில் ஒரு மூட்டையோடு. "தங்கச்சி போன் பண்ணுச்சு."

பார்சல்காரர் பாய்ந்து போய்க் கொட்டிலை மறித்து நின்றார். "யாரும் கிட்ட வராதீங்க!"

"என்ன மாப்ள?"

"நாப்பத்தஞ்சு ஆகல! நோட்டுல இருக்கு, நானே பாத்தேன். முப்பத்தெட்டு! முப்பத்தெட்டு இஞ்ச் பன்னிய வெட்டுறது அநியாயம்!"

"முப்பத்தெட்டா?" கறிக்கடைக்காரர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். மகாராணி கொட்டிலை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. "இதுவா?"

"எவ்வளவா இருந்தா என்ன? வெட்ட விடமாட்டேன்! பனியன்ல சுத்தி வளத்தேன்யா. என் புள்ள மாதிரி. பாசம் வைக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தான். சொன்னவன் முட்டாள், போதுமா?" அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டார்.

கறிக்கடைக்காரர் மூட்டையை இறக்கி வைத்தார். உள்ளே வைக்கோல்.

"சினைப் பன்னிய எவனாவது வெட்டுவானா மாப்ள? இன்னும் நாலஞ்சு நாள்ல குட்டி போட்டுடும். கீழே விரிக்க வைக்கோல் கேட்டுச்சு தங்கச்சி, கொண்டாந்தேன்."

பார்சல்காரர் திரும்பி மகாராணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். "சினையா? எப்போ?"

"நீங்க அக்கா வீட்டுக்குப் போனப்போ அண்ணனோட ஆண்பன்னிகிட்ட விட்டுட்டு வந்தேன். மகாராணிய விக்கவும் எனக்கு மனசு வரலைங்க, வெட்டவும் மனசு வரலை. அழக் கூடாதுன்னு வேற உத்தரவு போட்டுட்டீங்க. நான் என்ன பண்ணட்டும்?"

"அப்போ அந்த நோட்டு? இறங்கிட்டே வந்துச்சே, நாப்பத்திரண்டு, நாப்பது, முப்பத்தெட்டு... அது யாரு அளவு?"

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

"முப்பத்தெட்டேதான். நீங்க தூங்கும்போது பிடிச்சதும் இதே அளவுதான். டாக்டர் முப்பத்தாறு ஆகணும்னு சீட்டுல எழுதியிருக்காரு. இன்னும் ரெண்டு இஞ்ச் பாக்கி."

கறிக்கடைக்காரர் வைக்கோல் மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தார். பார்சல்காரர் மெதுவாக, "மகாராணி படுத்துட்டா நான் யாரோட நடக்கிறது?" என்று கேட்டார்.

தையல்காரம்மா ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து உதறினார்.

"தனியா போகத் தோணலைன்னா சொல்லுங்க, கயித்த நான் பிடிச்சுக்கறேன்."