தாடிக்கு ஒரு சிபாரிசு

அப்பென்செல்,
சுடுபோட்டிக்கு மறுநாள்

பெருமதிப்புக்குரிய மச்சான் அல்ஃபோன்ஸ் அவர்களுக்கு, பொனிஃபாஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை ஹெடி, மாடுகள் எல்லோரும் சௌக்கியம். என் தாடிக்குத்தான் உடம்பு சரியில்லை. சூரிச் போன பிறகு, நம் ஊரில் யாரும் செய்யாதபடி சாஸேஜுக்குக் கடுகுச் சாந்து தொட்டுக்கொள்ளும் உங்கள் புதுப் பழக்கம் குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் ஊர்ச் சுடுபோட்டிக்குப் பயிற்சி எடுக்கும்போதே ஹெடி ஆரம்பித்துவிட்டாள். "உன் கன்னம் துப்பாக்கிக் கட்டையில படவே இல்லய்யா, தாடிதான் படுது. தலையணையில தலைய வச்சுக்கிட்டுச் சுட்டா குறி எப்படி நிக்கும்?" என்றாள். நானும் ரோஷத்தில், "நான் கண்ணால குறி பாத்துச் சுடுறேன், தாடியால இல்ல" என்றேன். பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. அவள் ஜெயித்தால் தாடி போக வேண்டும், நான் ஜெயித்தால் ஒரு மாதம் அவளே பால் கறப்பாள். கல்யாணமான மறுவருஷம் விட்ட தாடி மச்சான், அதனால் என் சட்டைப் பொத்தான்களை நான் பார்த்தே எத்தனையோ காலம்.

சும்மா விடுவேனா? விறைப்பான தோல் சட்டை வாங்கினேன், தடித்த கையுறை, இடது கண்ணை மறைக்கும் தகடு வைத்த கண்ணாடி, கையில் சுற்றி இறுக்கும் வார், குப்புறப் படுக்கப் பாய், ஒன்று விடவில்லை. சட்டைக் கொக்கிகளை மாட்டிவிட்டால் குனியவும் முடியாது, நிமிரவும் முடியாது, என்னைப் படுக்க வைக்கவே இரண்டு பேர் வந்தார்கள். பக்கத்துப் பாயில் ஹெடி, தொழுவத்துக் கோட்டோடு வந்து, முழங்கையை ஊன்றி, பாதி மூச்சை விட்டு நிறுத்தி, பால் கறப்பதுபோல மெல்ல விசையை இழுத்துக்கொண்டிருந்தாள். அப்படியும் கடைசிச் சுற்று வரை நான்தான் முன்னால், ஊரே சாட்சி.

கடைசிச் சுற்று வேகச் சுற்று. பட்டாளத்தில் கொடுத்த நம்ம பழைய கார்பைன் துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டையும் உள்ளே ஏற்றப் பூட்டை இழுத்துத் தள்ள வேண்டும் இல்லையா, அந்த அவசரத்தில் தள்ளினேன் பாருங்கள், தாடியும் சேர்ந்து உள்ளே போய்விட்டது. தலையைத் தூக்க முடியவில்லை. சட்டையோ எழ விடவில்லை. கத்தினேன். களத்தலைவர் எமில் எல்லோரையும் நிறுத்தச் சொல்லி ஓடிவந்து பார்த்துவிட்டு, "முப்பது வருஷமா இருக்கேன், பூட்டு மனுஷனத் தின்னு இப்பத்தான் பாக்குறேன்" என்றார். குண்டுகளை வெளியே எடுத்தார்கள். ஹெடி களத்தோரத்துச் சாஸேஜ் கடைக்கு ஓடி, கத்தரிக்கோலோடு திரும்பி வந்து குனிந்தாள்.

"ஹெடி, பூட்டக் கழட்டு."

"பூட்டு அரசாங்கத்தோடது. தாடி நம்மோடது" என்று சொல்லி வெட்டிவிட்டாள். நான் சுடாத குண்டுகளுக்குப் புள்ளி கிடையாது என்றார்கள், ஜெயித்தது அவள். சிரிப்பு அடங்கி மறுபடி சாஸேஜ் சுட வெகுநேரம் ஆயிற்று.

இப்போது தாடி ஒரு பக்கம் நெஞ்சு வரை, மறுபக்கம் காது வரை. மிச்சத்தையும் நாளை எடுத்தே ஆகவேண்டும் என்கிறாள். நீங்கள் அண்ணன், நீங்கள் சொன்னால் கேட்பாள். அந்தப் பாதித் தாடிக்காவது உயிர்ப்பிச்சை வாங்கித் தாருங்கள். உங்கள் வீட்டார் எல்லோருக்கும் எங்கள் அன்பு, உங்கள் பால்கனிப் பூந்தொட்டிகளுக்கும் நல்ல மழை கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
பாதித் தாடி மைத்துனன்
பொனிஃபாஸ்

பின்குறிப்பு: தபாலில் சேர்ப்பதற்குள் தாடி போய்விட்டது. ஹெடி என் முகவாயை ரொம்ப நேரம் பார்த்துச் சிரித்தாள், கொஞ்சம் அழுதாள், பிறகு, "பொனி, இது இப்ப அப்படியே உங்கப்பா முகவாய். மாமனார் முகத்த தினம் பாக்க என்னால ஆகாது, மறுபடி வளத்துடு" என்கிறாள். நான் அந்த முகத்தோடு களத்துக்குப் போய்ப் படுத்தேன் மச்சான், கன்னம் கட்டையில் கச்சிதமாக உட்காருகிறது, ஒரு குண்டுகூடக் குறி தப்பவில்லை. ஆகையால் மேலே எழுதியதை மறந்துவிட்டு, உடனே புறப்பட்டு வந்து, என்னைத் தினமும் சவரம் செய்ய விடும்படி உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள்.