மூணுகம்பி அண்ணனும் தரகர் பெட்டியும்

திருச்செங்கோட்டிலேயே சமையலறைக்குத் தவழ்ந்து போக வேண்டிய ஒரே வீடு மூணுகம்பி அண்ணன் வீடுதான். கதவைத் திறந்ததும் ஹால் முழுக்க ஒரு பலகை, அதன் மேல் ஒரு பொம்மை ரயில்வே. அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் பலகைக்கு அடியில்தான் வழி. மாடியில் குடியிருந்த நான், ஒரு இன்ஜினியரிங் கல்லூரியின் கௌரவமான பேராசிரியன், காபிக்காக எத்தனையோ தடவை தவழ்ந்திருக்கிறேன்.

அண்ணனின் நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும். முப்பது வருஷம் போர்வெல் லாரியோடு வடக்கே சுற்றியவர். அங்கே ஏதோ ஒரு மலையடிவார ஸ்டேஷனில் பெரிய ரயிலும், மலை ஏறும் குட்டி ரயிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதாம். ஜனங்கள் மூட்டை முடிச்சோடு இதிலிருந்து இறங்கி அதில் ஏறுவதைப் பார்த்த அண்ணன், ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், "ரெண்டையும் ஒண்ணாக் கோத்து உட்டா என்னங்க?" என்று பாதி இந்தியிலும் பாதி கைஜாடையிலும் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டார். அவ்வளவுதான், லாரியை விட்டு இறங்கிய மறுவாரமே அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்ல அண்ணன் பலகை வாங்கிவிட்டார்.

பதில் என்னவோ சுலபமாகத்தான் இருந்தது. பெரிய ரயிலுக்கு அகலமாக ரெண்டு கம்பி. அந்த ரெண்டுக்கும் நடுவில் சின்ன ரயிலுக்காக இன்னொரு கம்பி. ஓரத்துக் கம்பி இரண்டு ரயிலுக்கும் பொது. தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் அம்சமாக ஓடின. சின்ன இன்ஜினை வைத்துப் பெரிய பெட்டிகளை இழுக்கப் பார்த்தால்தான் வம்பு. சின்னது ஓரத்தை ஒட்டிப் போகும், பெரியது நடுவில் வரும்; இதன் கொக்கியும் அதன் கொக்கியும் சந்திக்கவே சந்திக்காது.

"இதெல்லாம் நடக்காதுண்ணா," என்றேன்.

"நீங்க புஸ்தகத்தப் பாத்துச் சொல்றீங்க வாத்தியாரே. நான் வண்டியப் பாத்துச் சொல்றனுங்க."

ஒரே வாரத்தில் புதிதாக ஒரு பெட்டி செய்துவிட்டார். அதற்கு ஒரு முனையில் கொக்கி நடுவில், மறு முனையில் கொக்கி ஓரத்தில். "ரெண்டு ஊட்டுக்கும் ஒத்துப் போவுது பாருங்க. இதும் பேரு தரகர் பெட்டி," என்றார்.

இந்த நேரம் பார்த்து நிஜத் தரகர் ஒருவரும் வீட்டுக்குள் நுழைந்தார். அண்ணனின் ஒரே மகள் நந்தினி சேலத்தில் பேங்க் வேலையில் இருந்தாள். அவளைப் பெண் பார்க்க எடப்பாடியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள் என்று சேதி. அண்ணனின் மனைவி சரசக்கா ஹாலை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏனுங்க, வார ஒறம்பரைச் சனத்தையும் தவழ உடறதுங்களா? பலகைய வெளிய எடுங்க."

அப்போதுதான் அந்த ரகசியம் வெளியே வந்தது. பலகை வாசலில் நுழையாது! ஹாலுக்குள்ளேயே உட்கார்ந்து கட்டியவர் கதவை அளக்கவே இல்லை. ஆயிரம் அடி ஆழத்துக்குக் குழாய் இறக்கிய மகானுபாவர், மூன்றரை அடிக் கதவைக் கோட்டை விட்டுவிட்டார். வெளியே எடுக்க வேண்டுமென்றால் ரம்பத்தால் இரண்டாக அறுக்க வேண்டும். ஏழு வருஷ உழைப்பு அத்தோடு சரி.

அண்ணன் முகம் பேயறைந்தது போல் ஆகிவிட்டது. சரசக்காவுக்கே பாவமாகப் போயிற்று. "சரி, சனிக்கெழமைக்குள்ள ரெண்டையும் கோத்து, உழாம ஒரே ஒரு சுத்து ஓட்டிக் காட்டுங்க. வாரவங்க பாத்து மெச்சறாப்பலயாச்சும் இருக்கட்டும். உழுந்துச்சுன்னா ஞாயித்துக்கெழமை காலைல ஆசாரி வந்துருவாரு, ஆமா!"

போர்வெல் லாரி துளை போடுவதற்கு முன் ஜாக்கிகளை இறக்கி, கல்லுப் பிள்ளையாராட்டம் அசையாமல் நிற்கும். அண்ணனுக்கு அந்தப் புத்தி போகவில்லை. தரகர் பெட்டிக்குள் ஈயத்தை ரொப்பினார். கொக்கிகளை ஸ்டீல் கம்பியால் முறுக்கோ முறுக்கென்று முறுக்கினார்.

"கனமா இருந்தாத்தானுங்க வண்டி நிக்கும்."

"அண்ணா, இது நிக்கறதுக்கு இல்லண்ணா, ஓடறதுக்கு!"

கேட்டால்தானே! சனிக்கிழமை சாயங்காலம் நேர்ப்பாதையில் ரயில் ராஜா மாதிரி போயிற்று. வளைவு வந்ததும் தரகர் பெட்டி திரும்பிய வேகத்தில், குட்டி இன்ஜின் அலாக்காகத் தூக்கி எறியப்பட்டுக் குப்புற விழுந்தது. சரசக்கா ஆசாரிக்குப் போன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் கீழே இறங்கி வந்தபோது, அண்ணன் சாக்பீஸால் பலகையில் அறுக்க வேண்டிய கோட்டைத் தானே போட்டுக்கொண்டிருந்தார். நந்தினி வந்து நின்றாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"ஒண்ணுமில்ல சாமி. உன்ற காரியம் நல்லபடியா முடிஞ்சாச் சரி. இது கெடக்குது, பலகதான..." என்று அதே கோட்டை மறுபடியும் அழுத்திப் போட்டார்.

நந்தினி போனை எடுத்து ஆசாரியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "இதப் பாத்து மெரள்ற ஊட்டுக்கு நான் எதுக்குப் போவோணும்? வாரவங்க வரட்டும்!" என்றாள். சரசக்கா தலையில் கை வைத்துக்கொண்டு, அவசரமாகப் பலகை மேல் ஒரு பெட்ஷீட்டை விரித்தார்.

வந்தார்கள். பலகையின் வாசல் பக்கத்து ஓரமாக நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அப்பா விசைத்தறி வைத்திருப்பவர். பஜ்ஜியை மென்றுகொண்டே பெட்ஷீட்டின் ஓரத்தை லேசாகத் தூக்கினார்.

"ஏனுங்க, இதென்னங்க மூணு கம்பி?"

போதாதா அண்ணனுக்கு? ஏழு வருஷக் கதையையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, ரயிலையும் ஓட்டிக் காட்டினார். அது சொல்லி வைத்தாற்போல் அதே வளைவில் விழுந்தது. தறிக்காரர் எழுந்து வந்து கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"இத்தன இறுக்கமாக் கட்டுனா உழுவாம என்னங்க பண்ணும்? தறியில பாவு நூல இப்படி இறுக்குனம்னா பட்டுனு போயிருமுங்க. கொஞ்சம் தளர உடோணுமுங்க."

தறிக்காரரே ஈயத்தைக் கொட்டினார். ஸ்டீல் கம்பியைக் கழற்றி எறிந்தார். தோளில் கிடந்த துண்டின் ஓரத்திலிருந்து நூலை உருவி முறுக்கி, இரண்டு கொக்கிகளையும் தொளதொளவென்று கட்டினார். அண்ணன் ஸ்விட்சைப் போட்டார். குட்டி இன்ஜின் முக்கியது, நகர்ந்தது, வளைவுக்குள் நுழைந்தது. நூல் ஒரு பக்கம் இழுபட்டது, மறுபக்கம் தளர்ந்தது. பெரிய பெட்டிகள் நான்கும் அதன் பின்னால் அடக்கமாக ஒரு முழுச் சுற்று வந்து நின்றன.

நடக்கவே நடக்காது என்று சொன்ன நான்தான் எல்லோரையும் விடச் சத்தமாகக் கத்தினேன். மாப்பிள்ளையும் நந்தினியும் இந்த அமளியில் ஒரு மூலையில் நின்று தங்கள் பாட்டுக்குப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தறிக்காரர் அவர்களை ஒரு பார்வை பார்த்தார், அண்ணன் பக்கம் திரும்பினார்.

"சம்பந்தி, இன்னொரு சுத்து உடுங்க!"

அந்த முதல் வார்த்தையைக் கேட்டதும் சரசக்கா கையிலிருந்த காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மலைக் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அவர்கள் கிளம்பிப் போனதும், சரசக்கா ஒரு துணியை எடுத்து வந்து சாக்பீஸ் கோட்டைத் துடைக்க ஆரம்பித்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏங்கக்கா, கல்யாணம் முடிஞ்சதும் ஆசாரிய வரச் சொல்லட்டுமா?"

"சும்மா இருங்க வாத்தியாரே." அவர் நிமிரவில்லை. "புள்ள போயிட்டா, இந்த ஊட்டுக்குள்ள சத்தம்னு ஏதாச்சும் ஒண்ணு வேண்டாமுங்களா?"

அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே பளபளவென்று இருந்த இன்ஜினை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடித்துக்கொண்டேன்.