விஜயராணியின் பக்கத்தில் எழுத அனுமதி

அன்புச்செல்வன் அந்தத் திங்கட்கிழமை ஒரு முடிவுக்கு வந்தான். மகளின் காதுகுத்துப் பத்திரிகையில் அண்ணன் சின்னையாவின் பெயர் மச்சான் ரங்கசாமியின் பெயருக்கு மேலே ஏறியே தீர வேண்டும். மனைவிக்குத் தெரியாமல் தானே ஏற்றிவிடுவது. பொன்மலை ரயில்வே பணிமனையில் முழு எஞ்சினையே கிரேனில் தூக்கி வைக்கிறவனுக்கு ஒரு பெயரைத் தூக்கி மேலே வைப்பதா கஷ்டம்?

வைக்காவிட்டால் அண்ணன் வரமாட்டார். புதுக்கோட்டையிலிருந்து போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"தம்பி, அப்பாவுக்கு அப்புறம் இந்தக் குடும்பத்துக்கு நாந்தான். என் பேரு ரெண்டாவதா வந்துச்சுன்னா நான் வரல. நீங்களே குத்திக்குங்க."

"நானாச்சுண்ணே" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். தன் வீட்டில் தன்னால் ஆவது எது, ஆகாதது எது என்று யோசித்துவிட்டு வாக்குக் கொடுக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை.

பத்திரிகையை டைப் அடித்தவள் மனைவி விஜயராணி. அவளிடம் முதலில் நேராகத்தான் கேட்டுப் பார்த்திருந்தான்.

"ராணி, எங்கண்ணன் பேர மேல போடேன்."

"காதுகுத்துக்குத் தாய்மாமன்தாங்க மொதல்ல. மடி யாரோடது?"

"மடி அவரோடதுதான். பேரு மட்டும்..."

"எங்கண்ணன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். ஒங்கண்ணன் பேர நம்ம பொண்ணு கல்யாணப் பத்திரிகையில மேல போட்டுக்கலாம்."

பெண்ணுக்குப் பதினொரு மாதம்தான் ஆகிறது.

தென்னூரில் அந்த வீட்டில் இருந்தது ஒரே லேப்டாப். கல்யாணமான இரண்டாம் வருஷமே அதில் பாகப்பிரிவினை முடிந்துவிட்டது. இரண்டு இயங்குதளங்கள்: ஒரு பாதி விஜயராணியின் விண்டோஸ், மறுபாதி அன்புச்செல்வனின் லினக்ஸ். ஆன் செய்தால் யார் பக்கம் போக வேண்டும் என்று கேட்கும். அவள் பக்கத்துக்குப் பாஸ்வேர்டு உண்டு, அவனுக்குத் தெரியாது. ஆனால் லினக்ஸ் வழியாகப் போனால் கொல்லைக் கதவு திறந்தே கிடந்தது. அவளுடைய ஃபைல்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன.

பத்திரிகையைத் திறந்தான். அண்ணனை மேலே ஏற்றினான். சேவ் கொடுத்தான். 'ரீட் ஒன்லி' என்று சொல்லிவிட்டது. பார்க்கலாம், படிக்கலாம், ஓர் எழுத்தை அசைக்கக் கூடாது. ஐந்து வருஷத் தாம்பத்தியத்தில் இது அவனுக்குப் பழகிப்போன நிலைதான். இருந்தாலும் விஷயம் கம்ப்யூட்டர் வரைக்கும் போய்விட்டதே என்று வருத்தமாக இருந்தது. செவ்வாயும் புதனும் முயன்றான். அதே பதில்தான்.

வியாழக்கிழமை பணிமனை டீக்கடையில், கூட வேலை பார்க்கும் நிஜாமுதீனைப் பிடித்தான். அவனும் லினக்ஸ்காரன்தான்.

"விண்டோஸ அணைச்சா அது முழுசா அணையாதுப்பா. அடுத்த தடவை சீக்கிரம் எந்திரிக்கணும்னு பாதித் தூக்கத்துல கெடக்கும். அந்த நேரத்துல நீ போய் எழுதினா அதோட கணக்கு குழம்பிரும்னு லினக்ஸ் ஒன்னைத் தடுக்குது."

"இதுக்கு வழி?"

"அந்தத் தூக்கத்தையே அழிக்கிற மாதிரி ஒரு கமாண்ட் இருக்கு. ஆனா அவங்க சேவ் பண்ணாம விட்டது ஏதாச்சும் இருந்தாப் போயிரும்."

அன்புச்செல்வன் டீயைக் கீழே வைத்தான். "வேற வழி சொல்லு."

"அவங்களே ஷிஃப்ட்ட அமுக்கிட்டு ஷட் டவுன் குடுக்கணும். முழுசா அணைஞ்சிரும். அப்புறம் நீ ராஜா."

ராஜா மறுநாள் சாயங்காலம் ராணியிடம் போனார்.

"ராணி, இனிமே லேப்டாப்ப அணைக்கும்போது ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டே அணை."

"எதுக்குங்க?"

"பேட்டரிக்கு நல்லது. ஆயுசு கூடும்."

"சரிங்க."

அவ்வளவுதான். கல்யாணமானதிலிருந்து அவன் சொன்ன ஒரு பேச்சு இப்படி வழுக்கிக்கொண்டு உள்ளே போனதே இல்லை. அப்போதாவது சுதாரித்திருக்க வேண்டாமா? சுதாரிக்கவில்லை. தன் பேச்சுத் திறமை என்று நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பை அணைத்துவிட்டு அவள் காந்தி மார்க்கெட்டுக்குக் காய் வாங்கக் கிளம்பினாள். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையைத் தாண்டியதும் அவன் லினக்ஸைத் திறந்தான். அண்ணன் மேலே, மச்சான் கீழே, சேவ். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. உடனே புதுக்கோட்டைக்குப் போன் போட்டான்.

"மேல போட்டாச்சுண்ணே."

"ஒம்பொண்டாட்டி ஒத்துக்கிட்டாளா?"

"என் வீட்ல யாரைண்ணே கேக்கணும்?"

திங்கட்கிழமை விஜயராணியே ஃபைலைப் பென் டிரைவில் போட்டு அச்சகத்தில் கொடுத்தாள். வியாழக்கிழமை கட்டுக்கட்டாகப் பத்திரிகை வந்தது. அவள் ஒன்றை எடுத்துப் படித்தாள், மஞ்சள் தடவினாள். லால்குடியில் இருக்கும் தன் அண்ணனுக்கு முதல் பத்திரிகையைக் கூரியரில் அனுப்பினாள். இடி விழும் என்று இரண்டு நாள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தவன், மூன்றாம் நாளான ஞாயிற்றுக்கிழமை நிம்மதியாக இட்லிக்கு உட்கார்ந்தான்.

போன் வந்தது. விஜயராணி எடுத்தாள். ரங்கசாமியின் குரல் மிக்ஸி சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"இல்லண்ணே, ஒம்பேரத்தான் மொதல்ல போட்டேன். டைப் பண்ணினதுமே ஒனக்குப் படம் எடுத்து அனுப்பினேன்ல, எடுத்துப் பாரு. மாத்தினது நான் இல்ல."

அன்புச்செல்வன் தட்டோடு எழுந்தான். அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"எங்க போறீங்க? உக்காருங்க."

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நிஜாமுதீன் அண்ணன் வீட்டுக்குப் போயி பொண்டாட்டி வஹீதாகிட்டச் சொன்னாரு, வஹீதா எங்கிட்டச் சொன்னா. மூணு நாளா எம்பக்கம் வந்து பாத்துட்டுப் பாத்துட்டுப் போனீங்களாம். ஷிஃப்ட்ட அமுக்கச் சொல்லி நீங்க எப்ப வாயத் தொறப்பீங்கன்னுதான் இருந்தேன்."

"மாத்தணும்னா நீயே மாத்தியிருக்கலாம்ல?"

"நான் மாத்தினா எங்கண்ணன் மூஞ்சில எப்படி முழிக்கறது? மாத்தலேன்னா ஒங்கண்ணன் வரமாட்டாரு, அந்தப் பேச்சும் ஆயுசுக்கும் எனக்குத்தான். அதான் ஒங்களையே எழுத விட்டேன்."

கையை எடுத்தாள். "அண்ணே, மாத்தினவரு இங்கதான் இருக்காரு. குடுக்கறேன்."

காதில் வைத்ததும் ரங்கசாமி நிதானமாகச் சொன்னார். "மாப்ள, மேல இருக்கறவர் மடியிலயே புள்ளைய வச்சுக் குத்திக்குங்க."

தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்தா? நேரில் போய்ப் பழம் வெற்றிலையோடு காலில் விழாத குறையாக அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, "பழம் வாங்கணுமே" என்றான்.

"ஆப்பிள், வெத்தல, வேட்டி எல்லாம் தட்டுல எடுத்து வச்சு நேத்தே கட்டிட்டேங்க. பத்தரைக்கு லால்குடி பஸ்."