வடதுருவத்துக்கு நான் சொன்ன ஓம்

யாழ்ப்பாணத்தானுக்குப் பயம் பிடித்தால் தனியாகக் கடவுளைக் கூப்பிடத் தேவையில்லை. 'ஆமாம்' என்பதற்கு நாங்கள் சொல்லும் 'ஓம்' வாயில் வந்தாலே பாதி மந்திரம் முடிந்துவிடும். இந்த வசதியால் ஒருமுறை என் வேலையே போகப் பார்த்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவுக்கு வந்த புதிது. மிசிசாகாவில் ஒரு கிடங்கில் வேலை. போர்க்லிஃப்ட் ஓட்டும் சிவமண்ணைதான் சேர்த்துவிட்டார். வேலை நிரந்தரமானால்தான் ஊரிலிருக்கும் மனைவியை ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம்.

வடதுருவத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றுக்குக் கம்பனிகள் காசுக்குப் பதிலாகக் கொடுத்த பொருட்கள் எங்களிடம்தான் சேர்ந்தன. ஒருவர் பிஸ்கட், ஒருவர் குளிர்க்கோட்டு, ஒருவர் ரேடியோ. ஒரு பல்கலைக்கழகம் குடிசையே கொடுத்தது (ஓலை இல்லாத, பலகைக் குடிசை). கொடுத்தவர்கள் பார்ப்பதற்காக அதைக் கிடங்கின் குளிர் அறையில் நிறுத்தி, உள்ளே கோட்டுகளை மாட்டி, ரேடியோவையும் வைத்தார்கள். மனேஜர் துருவத்தோடு பேசுவார், விருந்தினர் வெளியே மண்டபத்திலிருந்து ஸ்பீக்கரில் கேட்பார்கள். ஏற்பாடு அப்படி.

"தம்பி, இந்தக் கடைசி பிஸ்கட் பெட்டியை உள்ள வைச்சிட்டு வாரும். ஒண்டிலயும் கை வைச்சிடாதையும்," என்றார் சிவமண்ணை.

"ஓமண்ணை."

குடிசைக்குள் போனதும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. சிவப்பாக ஒரு சின்ன வெளிச்சம் மட்டும். சுவர் முழுக்கத் தலைமூடி போட்ட கோட்டுகள், முகம் இருக்கவேண்டிய இடத்தில் இருட்டு. நான் விட்ட மூச்சு அவற்றுக்குள் போய்ப் புகையாகத் திரும்பி வந்தது. (ஆளில்லை என்று தெரியும். ஆனாலும் "எக்ஸ்கியூஸ் மீ" சொல்லித்தான் நடந்தேன்.)

அப்போது கோட்டுகளின் பக்கமிருந்து கரகரத்த குரல் ஒன்று ஆங்கிலத்தில் கேட்டது: "அங்கே யாராவது இருக்கிறீர்களா?"

பிஸ்கட் பெட்டியைக் கீழே போட்டேன். மறுபடியும் கேட்டபோதுதான் அது ரேடியோ என்று புரிந்தது. துருவத்துக்காரர்கள் நேரத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்கள். பதில் சொல்லாவிட்டால் போய்விடுவார்களே என்று, இல்லாத பொறுப்புணர்ச்சி வந்து, மைக்கின் பொத்தானை அமத்தினேன். படித்த ஆங்கிலம் முழுவதும் உறைந்துபோனது. கிட்டிய பல்லுக்குள்ளால் வந்தது ஒரே சொல்.

"ஓ...ம்ம்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு வெகுதூரத்தில், ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு குரல்:

"ஓமோம். சொல்லும்."

நான் ஓடினேன். ஒரு கோட்டு தோளைப் பிடித்தது. அதையும் இழுத்துக்கொண்டு போய் மண்டபத்தில் விழுந்தேன். என் முனகலைக் கேட்டே எழுந்து நின்ற விருந்தினரில் பிஸ்கட் கம்பனி அம்மா வீரிட்டார். ரேடியோ கொடுத்த கம்பனிக்காரர் தன் ரேடியோ பழுதென்று நினைத்து வெளிறிப்போனார். மனேஜரின் முகத்தைப் பார்த்ததும், மனைவி இனி வரமாட்டாள் என்று அழுகையே வந்தது.

காப்பாற்றியது துருவம். பிறகு மனேஜர் பேசியபோது, எந்த ரேடியோவிலும் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை, பேசியவருக்கு நன்றி சொல்லுங்கள் என்று மனேஜரிடம் சொன்னார்களாம். ரேடியோக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வேலை தப்பியது.

"உங்களில் தமிழ் பேசியவர் யார்?" என்று மனேஜர் மூலம் கேட்டேன். அப்படி ஒருவரும் இல்லையாம். என் 'ஓம்'முக்கு அவர்கள் பதிலே சொல்லவில்லையாம்.

"உது உம்மட குரல் திரும்பி வந்ததாக்கும்," என்றார் சிவமண்ணை.

"நான் 'சொல்லும்' எண்டு சொல்லேல்லை அண்ணை."

அவர் போர்க்லிஃப்டை எடுத்துக்கொண்டு போனார்.

மனைவி வந்து சேர்ந்தாள். இன்றும் போன் அடித்து மறுபக்கம் சத்தமில்லாவிட்டால் என்னிடம் நீட்டுவாள்: "இந்தாங்கோ, உங்கட துருவத்து ஆள். என்ன வேணுமெண்டு கேளுங்கோ."

பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கி, "யெஸ்" என்பேன். தமிழில் மட்டும் கேட்கமாட்டேன்.