ஒரே வீட்டுக்கு இரண்டாவது லேடீஸ் சைக்கிள் எதற்கு?

எளம்பலூர்,
பெரம்பலூர் வழி.
2005, ஆவணி மாதம்.

ஜெயங்கொண்டத்திலிருக்கும் மைத்துனன் சின்னதுரைக்கு, உன் அக்காள் புருஷன் இளையபெருமாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கு மழை இல்லை, மற்றபடி சுகம். அங்கு மழையும் சுகமும் சேர்ந்தே இருக்கும் என்று நினைக்கிறேன். உன் முந்திரிக்கொல்லையின் காய்ப்பு ஏறவும், உன் சம்சாரத்தின் சர்க்கரை இறங்கவும் நம் குலதெய்வத்தை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. என் மகள் பூங்குழலிக்கு இந்த ராஜேஷ் மாப்பிள்ளையைக் கொண்டுவந்து காட்டியது நீதான். பையனுக்குச் சிகரெட் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பெரம்பலூரில் டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நிற்கிற வேலை, முதலாளிக்கு வலது கை என்று சொன்னாய். ஒரு மனுஷனிடம் கெட்ட பழக்கம் ஒன்றுகூட இல்லையென்றால் அது வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்று எனக்கு அப்போதே பட்டது. நான் சிமெண்ட் ஆலை கேட்டில் உத்தியோகம் பார்த்தவன். வெளியே போகிறவனின் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தே தலை நரைத்தவன். தூக்கு காலியாக இருந்தால்தான் இன்னொரு தடவை திறந்து பார்ப்பேன்.

மூன்று வாரத்துக்கு முன் எங்கள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடை நல்லுசாமி என்னைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை வந்திருந்தாரே, வூட்டுக்கு வரலையா என்று கேட்டார். எனக்குத் தெரியாதே என்றேன். ரயிலடிக்குப் போகிற வழியில் காயலான் கடையில் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தாராம். பெரம்பலூரில் ரயில்தான் இல்லை, சைக்கிளுமா இல்லை? மாமனார் ஊருக்கு வந்தவர் மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் அடுத்த பஸ் ஏறிவிட்டார். பூங்குழலிக்குக் கல்யாணத்தின்போதே நான் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில்தான் அவள் நர்சரி பள்ளிக்கூடத்துக்கு வேலைக்குப் போய்வருகிறாள். அப்படியென்றால் இந்த இரண்டாவது லேடீஸ் சைக்கிள் எந்த லேடிக்கு? உன் அக்காள் லீலாவதியிடம் கேட்டேன். "சைக்கிளத்தானே பாத்தாரு, பொண்ணா பாத்தாரு?" என்று வெங்காயம் உரித்தபடியே சொல்லிவிட்டாள். உங்கள் வீட்டுப் பெண்களுக்கு எதையும் ஆழமாக யோசிக்க வராது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு எளம்பலூருக்கு, மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்து பார்த்தால் சங்கதி நான் நினைத்ததைவிட மோசம். மாப்பிள்ளை வெறுந்தரையில் பாய் விரித்துத் தனியாகப் படுக்கிறார். சாப்பாட்டை நின்றுகொண்டே சாப்பிடுகிறார், கேட்டால் கடையில் நின்று பழகிவிட்டது என்கிறார். அவருடைய சொந்த சைக்கிள் கொல்லைப்புறத்தில் சிலந்தி கூடு கட்டிக் கிடக்கிறது. காலையில் வருகிற பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போகிறார், அது வராவிட்டால் முகம் வெளிறிப்போகிறது. நான் உள்ளே நுழைந்தால் புருஷனும் பெண்டாட்டியும் பேச்சை நிறுத்திவிட்டு மழையைப் பற்றிப் பேசுகிறார்கள். மழை இல்லாத ஊரில் அத்தனை நேரம் மழையைப் பற்றி என்ன பேச்சு?

சனிக்கிழமை சாயங்காலம் கண்டதை உனக்குச் சொன்னால் நம்பமாட்டாய். கதவிடுக்கு வழியாகப் பார்க்கிறேன், மாப்பிள்ளை மரப்பலகை ஒன்றில் மல்லாக்கப் படுத்திருக்கிறார், நம் பெண் தையல் டேப்பை வைத்து இடுப்பிலிருந்து குதிகால் வரைக்கும், தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் அளந்து பார்த்து வாய்க்குள் எதையோ முணுமுணுக்கிறாள். ஆளைப் படுக்கவைத்து அளவெடுக்கிற காரியம் நம் பக்கத்தில் எதற்கென்று உனக்குத் தெரியும். சத்தமில்லாமல் வந்து வாசலில் உட்கார்ந்தவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன். அவர்கள் நம்பிவிட்டார்கள், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை ஒரு வேலையாகக் குன்னம் வரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பினார். நானும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் பின்படியால் ஏறினேன். குன்னத்தில் இறங்கி ஒரு தெருவுக்குள் போனார். ஒரு வீட்டு வாசலில் நடுத்தர வயசு அம்மா ஒருத்தி, சிரித்த முகமாக, சிவப்பு லேடீஸ் சைக்கிள் ஒன்றை வெளியே தள்ளிக்கொண்டு வந்தாள். புளியமரத்துக்குப் பின்னால் நின்று நான் பல்லைக் கடிக்கிறேன். அப்புறம் நடந்ததைக் கேள். மாப்பிள்ளை மெதுவாகக் கையை ஊன்றி அந்த சைக்கிளுக்குப் பக்கத்தில் தரையில் மல்லாந்து படுத்தார், இரண்டு காலையும் ஆகாசத்தில் தூக்கி மிதிக்கிற மாதிரி சுற்றினார். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்காரரைக் கூப்பிட உள்ளே ஓடினாள். நான் மரத்தை விட்டு வெளியே வந்தேன்.

"யாரு அந்தம்மா?" என்றேன்.

"சைக்கிளுக்குச் சொந்தக்காரங்க, மாமா" என்றார் படுத்தபடியே.

"எந்திரிச்சுப் பேசுங்க."

"சட்டுன்னு எந்திரிக்க வராது மாமா. கொஞ்சம் கை குடுங்க."

கை கொடுத்தேன். தூக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன், நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மாசி மாதம் கடையில் டிராக்டர் கியர்பாக்ஸைத் தூக்கும்போது முதுகில் ஏதோ பிசகிவிட்டதாம். திருச்சி டாக்டர், நிற்கலாம், நடக்கலாம், முதுகைச் சாய்த்து உட்காரலாம், ஆனால் சைக்கிள் சீட்டில் குனிந்து உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். பஸ்ஸின் குலுக்கலும் ஆகவில்லை. அதுவும் நேரத்துக்கு வருவதில்லை. இனியும் தாமதமாக வந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். இந்தச் சமயத்தில் பூங்குழலி பள்ளிக்கூடத்துக் கேள்வித்தாளை அடிக்க பிரவுசிங் சென்டர் போனவள், வெளிநாட்டில் யாரோ ஈசிசேரில் சாய்ந்த மாதிரி சாய்ந்துகொண்டு, காலை முன்னால் நீட்டி மிதிக்கிற சைக்கிள் ஒன்றைக் கம்ப்யூட்டரில் பார்த்திருக்கிறாள். பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, அறுத்து, ஒட்டி, அப்படி ஒரு வண்டி செய்துவிடுவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறார்கள். அளவெடுத்தது அதற்குத்தான். லேடீஸ் சைக்கிள் தேடியதும் அதற்குத்தான், அதில் நடுக்கம்பி தாழ்ந்து இருப்பதால் சாய்வு நாற்காலியைத் தாழ்வாக வைக்கலாமாம்.

"இத ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?" என்றேன்.

"நல்லா இருக்கிறவன்னு நம்பித்தானே மாமா பொண்ணக் குடுத்தீங்க. முதுகு போனவன்னு தெரிஞ்சா கூட்டிக்கிட்டுப் போயிருவீங்கன்னு பயந்துட்டேன்."

நான் திரும்பிச் சைக்கிளைப் பார்த்தேன்.

பார்த்தால் அது மகா மோசடியான சைக்கிள். சிவப்புப் பெயிண்ட் புதுசு. பழைய சைக்கிளுக்கு எதற்குப் புதுப் பெயிண்ட்? நகத்தால் சுரண்டினேன், கீழே கம்பி உடைந்து ஒட்டுப்போட்ட தடம் வந்தது. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன், லாரி முட்டின மாதிரி பின்னால் வளைந்திருந்தது. இதைப் போய் அறுத்து ஒட்டினால் முதுகு மட்டுமில்லை, கழுத்தும் போகும். அந்த அம்மாளும் வெளியே வந்த வீட்டுக்காரரும் சைக்கிளை அவசரமாக உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் திரும்பும்போது மாப்பிள்ளை, "நான் மட்டும் போயிருந்தா வாங்கியிருப்பேன் மாமா" என்றார். உண்மைதான், நம்புகிற ஜாதி அது. சைக்கிள் பார்க்கப் போகிற இடத்தில் நம்புகிறவனுக்கு என்ன வேலை? அன்றையிலிருந்து தேடுகிற பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன், துணைக்குப் பூங்குழலி.

இவளிடம் இவ்வளவு விவரம் இருப்பது எனக்குத் தெரியாது மச்சான். இரும்பு பிரேம்தான் வேண்டும், லேசான அலுமினியம் பிரேம் நம் ஊர் வெல்டிங்குக்குப் பிடிக்காது. பின்சக்கரம் ஆட்டமில்லாமல் இருக்க வேண்டும். முன்சக்கரம் எப்படி இருந்தாலும் சரி, அதைக் கழற்றிவிட்டுக் குழந்தை சைக்கிளின் சின்ன சக்கரம் போடப் போகிறாள். பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால் போய்விடுவதால் இரண்டு மூன்று செயினை ஒன்றாகக் கோர்க்க வேண்டும். இதையெல்லாம் பஸ்ஸில் சத்தமாக விளக்குவாள், பக்கத்து சீட்டுக்காரர் என்னைப் பாவமாகப் பார்ப்பார். பாலக்கரையில் ஒருத்தர் பளபளவென்று ஒரு சைக்கிள் கொண்டுவந்தார், கையால் தூக்கினேன், பூனைக்குட்டி மாதிரி இருந்தது, அலுமினியம், வேண்டாமென்றேன். இன்னொரு ஆள் காட்டியது நல்ல இரும்பு, மண்கூடப் படாத சக்கரம். ஆனால் விற்கிற அவசரத்தைப் பார்த்து, யார் வண்டி என்று திருப்பித் திருப்பிக் கேட்டேன். கடைசியில் பிளஸ் ஒன் படிக்கிற மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் அது. அந்தப் பெண் என்னத்தில் போவாள் என்று கேட்டேன். "நடந்து போவுது" என்றார். அந்த ஆளை நான் என்ன பேசினேன் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. பூங்குழலி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

கடைசியாக ஏலாக்குறிச்சியில், மாதா கோயிலுக்குப் பக்கத்துக் கன்னியர் மடத்தில், வயசான சிஸ்டர் ஒருத்தர் வைத்திருந்த சைக்கிளைப் பார்த்தோம். கனத்த இரும்பு, நீளமான பிரேம். கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றினேன், நிற்கவே மாட்டேன் என்றது. சுரண்டினேன், ஒட்டில்லை. தட்டினேன், மணி மாதிரி சத்தம். எனக்குச் சந்தேகம் தலைக்கேறிவிட்டது. தப்பே இல்லாத சைக்கிளை எதற்காக விற்கிறார்கள்? சிஸ்டரிடமே கேட்டுவிட்டேன்.

"சைக்கிள்ல ஒரு குறையும் இல்லீங்க ஐயா, எனக்குத்தான் முட்டி போயிருச்சு" என்றார் அவர்.

அதற்கு மேல் தோண்ட இடமில்லை. பஸ் கூரையில் ஏற்றி அரியலூர் வந்து, மறுபடி ஏற்றிப் பெரம்பலூர் கொண்டுவந்து சேர்த்தோம்.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுதுகிற காரணத்துக்கு வருகிறேன். அந்த அருமையான சைக்கிளை இன்றைக்கு வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஆண்டவர் என்கிறவர் என் கண் முன்னாலேயே ரம்பத்தால் அறுத்துவிட்டார். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடுகிற மாதிரி இருந்தது. ஒட்டி நிறுத்தியதைப் பார்த்தால் சைக்கிளாகவும் இல்லை, கட்டிலாகவும் இல்லை. கால் நழுவிய வெட்டுக்கிளி மாதிரி முன்னால் நீண்டு நிற்கிறது. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியின் காலை வெட்டி வைத்திருக்கிறார்கள். இது ஓடாது. ஓடினாலும் திரும்பாது. திரும்பினாலும் லாரிக்காரன் கண்ணுக்குத் தெரியாது. தெருவில் படுத்தபடி போகிறவன் நம் ஊரில் ஒருத்தன்தான், அவனும் திரும்பி வருவதில்லை. நான் சொன்னால் பூங்குழலி கேட்கவில்லை. "ஒரு தடவ ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் திட்டுங்கப்பா" என்கிறாள். ஆண்டவரும் அவள் பக்கம். ஆகையால் இந்தச் சம்பந்தத்தை முடித்துவைத்த நீயே ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, நாலு பெரிய மனிதர் முன்னிலையில் இந்த வண்டியை நிறுத்த வேண்டும். மாப்பிள்ளையை ஒன்றும் சொல்லாதே, அவர் முதுகு சரியில்லாதவர். பூங்குழலியையும் ஒன்றும் சொல்லாதே, அவள் மூஞ்சி சுருங்கினால் எனக்கு ஆகாது. வேறு யாரையாவது திட்டு.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசி. உன் சம்சாரத்துக்கு என் விசாரிப்பு. உங்கள் குடும்பம் கண்ணேறு படாமல், ஒருவரையொருவர் நம்பி வாழ்க.

இப்படிக்கு,
மனக்கலக்கத்துடன்,
இளையபெருமாள்.

பி.கு.: தபால்பெட்டி பக்கம் போக நேரமில்லாததால் இந்தக் கடிதம் நாலைந்து நாள் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம். வண்டி ஓடுகிறது. மாப்பிள்ளை முதலில் இரண்டு தடவை வேலியில் போய் விழுந்தார், மூன்றாம் தடவை நேராகக் கடைக்கே போய்விட்டார், பஸ்ஸுக்கு முந்தி. முதலாளியே வெளியில் வந்து பார்த்தாராம். இறங்கும்போது முதுகு வலிக்கவில்லை என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை என்னைப் பார்த்து அழுதுவிட்டார், நான் வேறு பக்கம் பார்த்தேன். பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும் நான் ஒரு தடவை உட்கார்ந்தேன், துறைமங்கலம் வரைக்கும் போனதே தெரியவில்லை. இப்போது சாயங்காலமானால் வண்டி எனக்கு, காலையில்தான் அவருக்கு. நேற்று அரியலூரில் எங்கள் தெருக்காரர் யாரோ பஸ் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டு, இளையபெருமாளைப் பெரம்பலூர் ரோட்டில் படுத்த நிலையில் பார்த்தேன் என்று உன் அக்காளிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். அவள் தலையை அவிழ்த்துப்போட்டு, அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு, அழுதபடியே வந்து இறங்கினாள். நான் வாசலில் வண்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள், வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள், மூக்கைச் சிந்திப் போட்டாள். அப்புறம் கேட்டாள்:

"இதுல நான் எங்க உக்காருறது?"