காக்கா டிபார்ட்மெண்டு

காக்கைக்குச் சோறு வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் வைப்பது ஒரு காக்கைக்கு, சாப்பிட வருவது அதன் வம்சம் முழுக்க. இது எனக்குப் பால்குடி மறந்த நாளிலிருந்தே தெரியும். தெரிந்தும், விலங்கியல் வேறு படித்துவிட்டு, பழவேற்காட்டில் நான் செய்து வைத்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றுகிறது.

எழுபதுகளின் ஆரம்பம். பி.எஸ்ஸி. பரீட்சை முடிந்த கோடை. மேலே படிக்க ஆசைப்பட்டவர்களை எங்கள் பேராசிரியர் இரண்டிரண்டு பேராக ஏரி, குளம் என்று அனுப்பினார். தங்கியிருந்து பறவைகளைப் பார்த்து எழுத வேண்டும். நன்றாக எழுதினால் எம்.எஸ்ஸி.க்கு அவரே சிபாரிசு செய்வார். எனக்கும் முனிரத்தினத்துக்கும் பழவேற்காடு ஏரி கிடைத்தது.

முனிரத்தினம் பொன்னேரிப் பக்கத்துப் பையன். அப்பாவுக்கு நெல் கழனி. “சீட்டு கெடைக்கலன்னா நைனா வுடமாட்டாரு. எனக்குன்னு ஒரு ஜோடி மாடு இப்பவே புட்ச்சி வெச்சிக்கினு கீறாரு” என்று பஸ்ஸிலேயே சொன்னான். எனக்கு அந்தக் கவலை இல்லை. என் அப்பாவுக்குத் திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் சமையல் கைங்கரியம். எனக்கும் அங்கே ஒரு கரண்டி காத்துக்கொண்டிருந்தது.

ஏரிக்கரையில் ஒரு குடிசை. அதற்கு எதிரே மேடான பொட்டலில் ஆட்காட்டிக் குருவிகள் முட்டையிட்டிருந்தன. கூடு என்று சொன்னால் கூடு இல்லை. தரையில் ஒரு பள்ளம், சுற்றிலும் பொடிக்கல், நடுவில் மண் நிறத்தில் முட்டைகள். அப்படி ஐந்து கூடுகளை முனிரத்தினம் கண்டுபிடித்து, குஞ்சு பொரிக்கும் வரை பார்த்து எழுதுவது என்று உட்கார்ந்துவிட்டான். வெயிலில் அந்தப் பறவை தண்ணீருக்குப் போய் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். அதைப் பார்த்து அவன் கண் கலங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

நான் என்ன செய்தேன்? சமைத்தேன். (மீன் தொடாதவன் மீன் குழம்பு ஊரில் வேறு என்ன செய்வது?) முனிரத்தினம் மத்தியானம் மீனவர் குப்பத்தில் சாப்பிடப் போய்விடுவான். நான் தனியாகத் தளிகை பண்ணி, அப்பா சொல்லி அனுப்பியபடி காக்கைக்கு வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். குடிசையைச் சுற்றி ஒரே மீன் செதில். முன்னோர்களுக்கு வைக்கிற சோற்றை அங்கே வைக்க மனசு வரவில்லை. சுத்தமான இடமாகப் பார்த்து அந்தப் பொட்டலில் வைத்தேன். ஆட்காட்டிகளும் அதே சுத்தத்தைப் பார்த்துத்தான் அங்கே வந்திருந்தன என்பது என் மரமண்டையில் ஏறவில்லை.

முதலில் ஒரு காக்கை. பிறகு அதன் சம்சாரம், மச்சான், மாமியார் எல்லாம் வந்தார்கள். சோறு தீர்ந்ததும் சுற்றிப் பார்த்தார்கள். ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, நாலு கூடு காலி.

முனிரத்தினம் பள்ளத்தையும், பக்கத்தில் கிடந்த பருக்கைகளையும், என்னையும் பார்த்தான்.

“இன்னாடா இது?”

“காக்காய்க்கு வெச்சேன்.”

“முட்டைய வெச்சிக்கினு கீற எடத்துல காக்காவுக்கு விருந்தா? நல்லா பண்ணே போ.”

அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் குடிசைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு மிச்சமிருந்த ஒரே கூட்டுக்குக் காவல் நிற்கப் போனேன். ஆட்காட்டி என்னைத்தான் திருடன் என்று முடிவு கட்டியது. கத்திக் கத்தி என் தலைக்கு நேராகப் பாய்ந்தது. அதுகூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னைப் பார்த்ததும் காக்கைகள் அத்தனையும் வந்து சுற்றி உட்கார்ந்துகொண்டன. சோளக்கொல்லை பொம்மை வேலைக்குப் போனவன் நான். அவர்களுக்கோ பந்தி பரிமாறுகிறவன் வந்துவிட்டான்.

முனிரத்தினம் ஓடி வந்தான். “டேய், நீ அந்தாண்ட போ. நீ எங்க போறியோ அங்கதான் அதுங்களும் வரும். பேஜாரு பண்ணாம கெளம்பு.” சொன்னவன் பாதியில் நின்றான். முகம் மாறியது. “இரு இரு. சோத்த எடுத்துக்கினு போ.”

அன்றிலிருந்து அதுதான் என் ஆராய்ச்சி. காலையில் தட்டில் சோற்றோடு கரையோரமாக நடப்பேன். என் பின்னால் காக்கைக் கூட்டம். வெகுதூரம் போய், அங்கேயே பொழுது சாயும் வரை “கா, கா” என்று கூப்பிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டிருப்பேன். என் சாப்பாட்டில் பாதி அதற்கே போனது. வெயிலில் கறுத்து, நானும் அந்த ஜாதியில் சேர்ந்துவிட்டேன்.

பேராசிரியர் பார்வையிட வந்த அன்றும் இதே ஊர்வலம்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தாராம்.

“யாரப்பா அது?”

முனிரத்தினம் யோசிக்கவே இல்லை. “அவரு காக்கா டிபார்ட்மெண்டு சார்.”

அந்த வாரமே கடைசிக் கூட்டில் குஞ்சு பொரிந்தது. பஞ்சுக்குக் கால் முளைத்தது போல மூன்று ஓடின. நான் பார்க்கவில்லை, நான்தான் தூரத்தில் இருந்தேனே. முனிரத்தினம் கரை நெடுக ஓடி வந்து, தட்டைத் தட்டிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். அவனுக்குச் சீட்டு கிடைத்தது. மாடுகளை அவன் தம்பி ஓட்டினான். எனக்குச் சீட்டு கிடைக்கவில்லை, அதில் நியாயம் இருந்தது. கரண்டிக்கும் போகாமல், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து காலத்தை ஓட்டிவிட்டேன்.

ஆனால் அந்த டிபார்ட்மெண்டிலிருந்து எனக்கு ஓய்வே கிடைக்கவில்லை. வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை, “ஆபீசரைக் கூப்பிடு, மாடிக்குப் போகணும்” என்பார்கள். அப்பாவே அப்படித்தான் கூப்பிடுவார்.

அப்பா போன பிறகு வந்த முதல் திதியன்று மொட்டை மாடியில் சோறு வைத்தோம். ஒரு காக்கைகூட வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு என்ன மனக்குறையோ என்று அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் நின்றிருந்த முனிரத்தினம், அப்போது அவனே ஒரு கல்லூரியில் பேராசிரியர், என் தோளில் கை வைத்தான்.

“நீ கூப்டுடா. உங்கப்பாவுக்கு டிபார்ட்மெண்டு ஆளத்தான் தெரியும்.”

அழுதுகொண்டே அம்மா சிரித்துவிட்டாள். நான் கரகரத்த குரலில் “கா, கா” என்றேன். பக்கத்து வீட்டு மாமரத்திலிருந்து ஒன்று இறங்கி வந்து, தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தது.