அந்த நாய் என்ன நிறம்?

அக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாலை நாலேகால் மணிக்கு, என் நீல நிறப் பிக்கப் வண்டியின் இருக்கையில் குப்புறப் படுத்தபடி நான் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனி ஆயுள் முழுக்க ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உண்மை பேசுவதில்லை. மற்ற எல்லாவற்றிலும் பழையபடி பேசிக்கொள்ளலாம். நான் சர்ச்சில் காணிக்கைத் தட்டு எடுத்துப்போகிறவன். முழுப் பொய்யனாக மாற எனக்கு வசதிப்படாது.

விஷயம் இதுதான். கையால் எறிந்தும் காலால் உதைத்தும் ஆடுகிற எங்கள் அமெரிக்கக் கால்பந்தில், எங்கள் ஹேல்ஃபோர்டு கல்லூரி, ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மெரிவேல் கல்லூரியை எங்கள் சொந்த மைதானத்தில், கடைசி நொடியில், பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு ஜெயித்தது. அந்தக் கடைசி ஆறு நிமிஷத்தை எங்கள் அலபாமா மூலையில் இன்னும் நூறு வருஷம் பேசுவார்கள். நான் பார்க்காதது அந்த ஆறு நிமிஷம் மட்டும்தான்.

இருபத்தேழு வருஷமாக எனக்கு ஒரே இருக்கை. சி பிரிவு, பன்னிரண்டாம் வரிசை, ஒன்பதாம் எண். மழையில் உட்கார்ந்திருக்கிறேன், ஆலங்கட்டியில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் மூத்த மகள் பிறந்த அன்று ஆட்டம் முடிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் மனைவி ஐவா அதற்காக என்னைத் திட்டியதே இல்லை. "மன்னிக்கிற மனசைத் தாரும் ஆண்டவரே" என்று எனக்குக் கேட்கும்படி ஜெபிப்பதோடு சரி. இன்றைக்கும் ஜெபிக்கிறாள். மகளுக்கு இருபத்தைந்து வயசு ஆகிறது.

"முடியுறதுக்கு முன்னாடி எழுந்து போறவன் ரசிகன் இல்லை, விருந்தாளி" என்று நான் தபால் போடுகிற தெருக்களில் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பெயர் வாங்கி வைத்திருந்தேன். அப்படிப்பட்டவன் அன்று ஏன் எழுந்தேன்? மெரிவேல் இருபது, நாங்கள் ஆறு. பாக்கி ஆறு நிமிஷம். எங்கள் பையன்கள் பந்தைப் பிடித்தது ஈரச் சோப்பைப் பிடிப்பதுபோல இருந்தது. ஆட்டம் முடிந்துவிட்டால் பாலத்தில் ஒரு மணி நேரம் வண்டி நகராது. செருப்புவார் கட்டுகிறவன்போல மெதுவாகக் குனிந்தேன். குனிந்தவன் நிமிராமல் அப்படியே படி இறங்கிவிட்டேன்.

வெளியே கால் வைத்து நாலு நிமிஷம் ஆகியிருக்காது, உள்ளே ஒரு கர்ஜனை. ஓடிப்போய் வண்டியில் ஏறி ரேடியோவைப் போட்டேன். நாங்கள் பதின்மூன்று. திரும்ப உள்ளே போக முடியாது. வெளியே போனவர்களை உள்ளே விடுவதில்லை என்பது எங்கள் மைதானத்துச் சட்டம். அந்தச் சட்டம் வேண்டுமென்று கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். அடுத்த கர்ஜனை. இருபதுக்கு இருபது. யாராவது பார்த்துவிடுவார்களே என்று இருக்கையில் படுத்தேன். கடைசி உதை. ஒல்லிப்பிச்சான் பையன், எதிர்க்காற்று, பந்து கம்பத்தில் பட்டு உள்ளே விழுந்தது என்று ரேடியோக்காரர் அழுதார். நான் எழுந்த வேகத்தில் ஸ்டியரிங்கில் தலை இடித்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் இரண்டு வரிசை தள்ளி ஒரு பச்சை வண்டி நின்றது. உள்ளே யாரும் இல்லை, ஆனால் ரேடியோ அலறிக்கொண்டிருந்தது. நான் தலையை இடித்துக்கொண்ட அதே நேரத்தில் அந்த வண்டியின் ஹாரன் ஒரு தடவை தானாக அடித்தது. எங்கள் ஊர் வண்டிக் கடைக்காரர் ஒரே பச்சையைத்தான் வரவழைப்பார், பாதி ஊருக்கு அதே வண்டி. எவனோ ரேடியோவை அணைக்க மறந்து ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறான், வயரும் கெட்டிருக்கிறது பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ஐவா வந்தாள். மைதானத்து வாசலில் சர்ச் பெண்கள் அவித்த வேர்க்கடலை விற்பார்கள். அவளும், எங்கள் சர்ச் நிர்வாகத்தில் இருக்கிற டீக்கன் லேலண்டின் மனைவி ஓபலும்தான் அந்தக் கடைக்குப் பொறுப்பு. ஆனால் அவள் கையில் கடலை இல்லை, நான் உட்காரும் திண்டு இருந்தது.

"இதை விட்டுட்டு வந்துட்டீங்க, ஹார்லன்."

"ஜெயிச்ச சந்தோஷத்துல ஓடி வந்துட்டேன் ஐவா. உனக்குக் கால் வலிக்குமே, வண்டிய வாசலுக்கு எடுத்துட்டு வரலாம்னு."

"அப்படியா" என்றாள்.

முப்பது வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன். ஐவா 'அப்படியா' என்றால் அப்படித்தான் என்று அர்த்தம். வேலை முடிந்தது என்று நிம்மதியாக வண்டியைக் கிளப்பினேன்.

அடுத்த நாள் டி.வி. செய்தியில் காட்டியதைப் பதிவுசெய்து, கார் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பதினோரு தடவை பார்த்தேன். யார் எறிந்தது, யார் பிடித்தது, யார் விழுந்தது, எல்லாம் மனப்பாடம். அட்லாண்டாவிலிருந்து மகளும் ஹூஸ்டனிலிருந்து மகனும் போன் செய்தார்கள். அவர்களிடம் ஒத்திகை பார்த்தேன். "அப்பா, நேர்ல பார்த்தா மாதிரியே இருக்கு" என்றான் மகன். மாதிரி என்ன மாதிரி என்று கோபித்துக்கொண்டேன். அந்த வாரம் கடிதம் போட்ட ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆட்டத்தை ஒருமுறை ஜெயித்தேன். மின்கட்டணச் சீட்டு வாங்கியவர்கள்கூடச் சிரித்த முகத்தோடு வாங்கினார்கள்.

இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நவம்பரில் எங்கள் சர்ச்சில் ஊரைவிட்டுப் போனவர்கள் எல்லாரும் திரும்பி வருகிற ஞாயிறு ஒன்று உண்டு. ஆராதனை முடிந்ததும் மரத்தடியில் நீள மேஜை போட்டு விருந்து. அந்த மேஜையில் ஒருவர் எழுந்து அந்த வருஷத்து நல்ல ஆட்டத்தை நடத்திக் காட்டவேண்டும். பிஸ்கெட்டுகள் எங்கள் பையன்கள். சோள ரொட்டித் துண்டுகள் எதிரணி. மிளகுக் குப்பிதான் பந்து. இரண்டு முள்கரண்டியை வெண்ணெய்க் கட்டியில் நட்டால் கம்பம். முடிந்ததும் எதிரணியை மொத்தமாகச் சாப்பிட்டுவிட வேண்டும். சொன்னவருக்குக் கோச் மெட்காஃப் பக்கத்து நாற்காலி. கோச்சுக்கு எண்பத்தெட்டு வயசு, எங்கள் கல்லூரிக்கு முப்பது வருஷம் பயிற்சி கொடுத்தவர். அவர் வைத்த நிபந்தனை ஒன்றுதான்: கடைசிவரை மைதானத்தில் இருந்தவர்தான் சொல்லலாம்.

ஒன்பது வருஷமாக அந்த நாற்காலியில் டீக்கன் லேலண்ட் கிரம்ப்தான். கோழிக்காலைக் கையில் வைத்துக்கொண்டு கோச்சோடு அவர் தலையாட்டிப் பேசுவதை ஒன்பது வருஷம் எதிர்வரிசையில் இருந்து பார்த்திருக்கிறேன். இந்த வருஷம் அது என் நாற்காலி. ஆண்டவரிடமும் சொல்லிவிட்டேன்: விருந்து முடிந்து திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக மனந்திரும்புகிறேன், அதுவரை பொறுத்துக்கொள்ளும் என்று.

விருந்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை ஐவா அடுப்படியில் பெக்கான் கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏங்க, கடைசி உதைக்கு முன்னாடி மைதானத்துக்குள்ள நாய் ஏதாவது ஓடிச்சா?"

நாய் டி.வி.யில் வரவில்லை. பதினோரு தடவை பார்த்திருக்கிறேன், ஒரு வால்கூட இல்லை. விளம்பரம் போட்ட நேரத்தில் ஓடியிருக்கும். இல்லை என்று சொன்னால் மாட்டிக்கொள்வேன்.

"ஓடிச்சாவாவது. எனக்குப் பத்தடி தூரத்துல ஓடிச்சு."

"அப்படியா. என்ன நிறம்?"

"பழுப்பு. நெத்தியில வெள்ளை."

"பாவம். அப்புறம் என்ன ஆச்சு அதுக்கு?"

"நடுவர் துரத்தினாரு. அவர் தொப்பிய வாயில கவ்விக்கிட்டு போயிருச்சு."

ஐவா நிமிர்ந்து என்னை அன்பாகப் பார்த்தாள். "நீங்க சொன்னா கண்ணால பார்த்த மாதிரியே இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கொட்டையை உடைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆபத்து என்று வந்த நாயை நான் ஆயுதமாக மாற்றியிருந்தேன். லேலண்டிடம் எல்லாம் இருக்கலாம். நாய் இருக்குமா?

ஞாயிறும் வந்தது. நூறு பேர், இருபது விதப் பாத்திரங்கள். பாஸ்டர், சாப்பாட்டு ஜெபத்தை சிஸ்டர் ஐவா செய்யட்டும் என்றார். நன்றாகத்தான் ஜெபித்தாள். உணவுக்காக, தூரத்திலிருந்து வந்த பிள்ளைகளுக்காக, கடைசியாக, "எங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கு உண்மை பேசுற நாவைத் தாரும்" என்றாள். ஆமென் என்று இரண்டு பேர் சத்தமாகச் சொன்னோம். ஒன்று நான். இன்னொன்று லேலண்ட்.

சாப்பாடு பாதியில் இருக்கும்போதே லேலண்ட் பிஸ்கெட்டை அடுக்க ஆரம்பித்துவிட்டார். நான் எழுந்தேன். இந்த வருஷம் வேறொருத்தருக்கு விடலாமே பிரதர் என்று மரியாதையாகச் சொன்னேன். ஏன், நான் பார்க்காததை நீங்க என்ன பார்த்துட்டீங்க பிரதர் என்று அவரும் மரியாதையாகக் கேட்டார். இதைவிட நல்ல கேள்வி எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

"நாய்" என்றேன்.

நாயை அவிழ்த்துவிட்டேன். பழுப்பு உடம்பு, வெள்ளை நெற்றி, நடுவரின் தொப்பி. செவ்வாய்க்கிழமை இல்லாத ஒரு குட்டைவாலும் ஞாயிற்றுக்கிழமை முளைத்திருந்தது. வீட்டில் டி.வி. பார்த்தவர்கள் எல்லாரும் வாயைத் திறந்து கேட்டார்கள்.

லேலண்ட் இரண்டு நொடி யோசித்தார். மூன்றாவது நொடியில், "அந்த நாயா? அதை யாருதான் பார்க்கல" என்றார். "ஆனா பிரதர், அது பழுப்பு இல்ல. சுத்தக் கறுப்பு."

"பழுப்பு, பிரதர்."

"கறுப்பு. எனக்கு முன்னாடிதான் வேலிய தாண்டிச்சு. வாலு நீளம்."

"தாண்டினப்ப நீங்க அது நிழலைப் பார்த்திருப்பீங்க."

எனக்கு உள்ளுக்குள் பெரிய ஆறுதல். நாய் உண்மைதான் என்று ஒரு டீக்கனே சாட்சி சொல்லிவிட்டாரே. நிறத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காமல் நின்றேன். அவரும் நின்றார். என் பிஸ்கெட்டை அவர் நகர்த்த, அவர் பிஸ்கெட்டை நான் நகர்த்த, ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எங்கள் அணியில் நாலு பேர் தூளாகிவிட்டார்கள். ஓபல் நாப்கினை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். கோழியில் மிளகு அதிகம்போல என்று நினைத்தேன்.

கோச் மெட்காஃப் கரண்டியால் மேஜையைத் தட்டினார். "நாய்ல முடிவு வரலன்னா ஆட்டம் எங்க வரும்? உட்காருங்க ரெண்டு பேரும். கடைசிவரைக்கும் இருந்தவங்க வேற யாரு?"

"நான் இருந்தேன் கோச்" என்று ஒரு மெல்லிய குரல் கேட்டது. ஐவா.

கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். உடையாத பிஸ்கெட்டுகளாகப் பார்த்து எடுத்து அடுக்கினாள். "ஆறு நிமிஷம் இருக்கும்போது கடலை தீர்ந்துபோச்சு. சரி, அவரோட போய் உட்காரலாம்னு மேல ஏறினேன்" என்று ஆரம்பித்தாள். "சி பிரிவு. பன்னிரண்டாம் வரிசை. ஒன்பதாம் இருக்கை. காலியா இருந்துச்சு. திண்டுகூடப் போட்டிருந்துச்சு. உட்கார்ந்துட்டேன்."

லேலண்ட் சந்தோஷப்படுவார் என்று அவரைப் பார்த்தேன். அவர் ஏனோ தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்லவேண்டும், திங்கட்கிழமை தொடங்குவதாக இருந்தது, ஒரு நாள் முன்னாடியே தொடங்குகிறேன்: ஒரு ஆட்டத்தை ஐவா சொன்ன மாதிரி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த ஒல்லிப் பையன் உதைக்கப் போகுமுன் கண்ணை மூடி உதட்டை அசைத்தான் என்றாள். தானும் கூடவே ஜெபித்ததாகவும், எதிரணிப் பையன்களுக்கும் அடிபடாமல் இருக்கட்டும் என்று சேர்த்துக்கொண்டதாகவும் சொன்னாள். மிளகுக் குப்பி முள்கரண்டியில் பட்டு 'டிங்' என்று உள்ளே விழுந்தபோது நூறு பேரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன். அன்றைக்குத்தான் நான் அந்த ஆட்டத்தை முதல்தடவை பார்த்தேன்.

ஐவா கோச் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மெரிவேல் அணியை ஒவ்வொருவராக வெண்ணெய் தடவிச் சாப்பிட்டாள். நான் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். பாலத்தில் கேட்டேன், எல்லாம் தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று. நீங்களே சொல்லுவீங்கன்னு ஆறு வாரம் ஜெபம் பண்ணினேன் என்றாள். மன்னிப்புக் கேட்டேன். கையைத் தட்டிக்கொடுத்தாள். கொஞ்சம் தைரியம் வந்தது.

"எல்லாம் நல்லாத்தான் சொன்ன ஐவா. நாயை மட்டும் விட்டுட்டியே."

"எந்த நாய்?"

"நீதானே கேட்ட, நாய் ஓடிச்சான்னு."

"கேட்டேன். ஓடிச்சுன்னு சொன்னது நீங்க."

பாலத்தின் மறுமுனை வரை அதை யோசித்தேன்.

"அப்போ லேலண்ட்? அவரும் பார்த்தேன்னாரே. கறுப்புன்னு அடிச்சு சொன்னாரே."

அந்த நேரம் ஒரு பச்சை வண்டி எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் வழியே ஓபல் கையாட்டினாள், ஐவாவும் ஆட்டினாள்.

"நீங்க நீல வண்டியில இருந்து பார்த்தீங்க, அவரு பச்சை வண்டியில இருந்து பார்த்தாரு. நிறம் ஒண்ணாவா தெரியும்?"